நீங்க எங்க நின்னீங்க?

அவர் தன் ஆராய்ச்சியில் என் பெயரை எழுதவில்லை. எனக்கு ஓர் எண் கொடுத்தார்: இருபத்து மூன்று. என் தெருவை எழுதவில்லை, ஸ்டேஷனை எழுதவில்லை, எந்தக் கோர்ட் என்றுகூட எழுதவில்லை. 'சென்னையின் தெற்குப் புறநகரில் ஒரு வியாபாரி' என்று மட்டும் போட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு நான் அவர் பெயரைப் போட்டு உடைத்தால் நன்றாக இருக்காது. எண் கொடுக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பும் கிடையாது. அவர் என்றே வைத்துக்கொள்வோம்.

என்னுடையது ஹார்டுவேர் கடை. தாம்பரம் வட்டாரத்தில், ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே. எந்த ஸ்டேஷன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்தில் எந்த ஸ்டேஷனுக்கு எதிரே போய்ப் பார்த்தாலும் ஒரு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு ஹார்டுவேர் கடை இருக்கும். அப்பா நிலத்தை மனை போட்டு விற்றபோது ரோட்டோரமாக ஒரு துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். அதில்தான் கடை கட்டினோம். ஸ்டேஷன் அதற்குப் பிறகு வந்தது. நாங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே வரவில்லை, ஸ்டேஷன்தான் எங்களுக்கு எதிரே வந்தது என்று முதல் நாளே அவரிடம் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார்.

அது கொரோனா ஓய்ந்து கடைகள் பழையபடி திறந்த வருஷம். நல்ல வெயிலில், தோளில் ஒரு துணிப்பையோடு அவர் வந்து படியில் நின்றார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். குழாய்க்கு வாஷர் வாங்க வந்தவர் என்று நினைத்தேன். இருந்த வாடிக்கையாளர் போகிற வரைக்கும் பேசாமல் நின்றுவிட்டு, தான் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் ஆராய்ச்சி செய்வதாகச் சொன்னார். குற்றமெல்லாம் எதிர்ப்பக்கம் மேடம், இங்கே பைப்பும் ஆணியும்தான் என்றேன். எனக்கு இப்படி ஏதாவது சொல்லிவிட்டு நானே சிரிக்கிற பழக்கம் உண்டு. அவர் சிரிக்கவில்லை. அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன் என்று சொல்லி, பையிலிருந்து ஏழு ஜெராக்ஸ் தாள்களை எடுத்து என் மேஜைமேல் பரப்பினார். ஏழிலும் அடியில் என் கையெழுத்து.

என் கையெழுத்து எனக்குப் பெருமை. இனிஷியலோடு முழுப்பெயரும் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துப் புள்ளி வைப்பேன். ஏழையும் ஒன்றாகப் பார்த்தபோது கவிழ்த்து வைத்துவிடத் தோன்றியது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், கத்தியோ வண்டியோ திருட்டு நகையோ, அந்த இடத்திலேயே ஒரு காகிதம் எழுத வேண்டும். பொதுமக்களில் இரண்டு பேர் அதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மகஜர் என்று பெயர். அவனவன் வேலைக்கு ஓடுகிற காலை நேரத்தில் எந்தப் புண்ணியவான் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடுவான்? ஆகவே பிற்பாடு சாவகாசமாக ஸ்டேஷனில் காகிதம் எழுதுகிற ரைட்டர் வாசலுக்கு வந்து, "அண்ணா, ஒரு கையெழுத்து" என்று குரல் கொடுப்பார். நான் ரோட்டைத் தாண்டிப் போய்ப் போட்டுவிட்டு வருவேன். ஒரு பைப்பை வெட்டிக் கொடுக்கிற நேரம்கூட ஆகாது. எங்கள் பைப் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு அரை நாள் நின்றாலும் ஸ்டேஷனிலிருந்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதற்காகத்தான் அது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பொய்க் கையெழுத்தா என்று கேட்பார், நாலு வார்த்தை சூடாகக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவர் முதலில் ஒரு தாளை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். என் பெயர் எங்கும் வராது, பிடிக்காவிட்டால் எந்த நிமிஷமும் நிறுத்தச் சொல்லலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்று அதில் இருந்தது. பிறகு முதல் மகஜரை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார்.

"இந்தப் பொருளைக் கைப்பற்றினப்போ நீங்க எங்க நின்னீங்க சார்?"

அவ்வளவுதான் கேள்வி. இதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருக்கவில்லை. ஞாபகமில்லை என்றேன். இரண்டாவது தாளைத் திருப்பினார். அதே கேள்வி. மூன்றாவது தாள், அதே கேள்வி, அதே குரல். நான்காவதில் என்னால் முடியவில்லை.

"எல்லாத்துக்கும் இங்கதான் மேடம் நின்னேன்" என்று கல்லாவுக்குப் பின்னால் என் காலடியைக் காட்டினேன்.

அவர் எட்டி, நான் காட்டிய தரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் போய்க் குதித்தேன். யாரோ ஒரு பொம்பளை கடை ஏறி வந்து எங்கே நின்றாய் எங்கே நின்றாய் என்று கேட்கிறாள், எனக்கென்ன தலையெழுத்து என்றேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இதே கேள்விய நான் இருவத்தஞ்சு வருஷமா கேட்டுகினு கீறேன். எனக்கு என்னிக்கு பதில் சொன்னீங்க?" என்றாள்.

அதன் பிறகு அவரை அடிக்கடி பார்த்தேன். டீக்கடைக்காரர், ஜெராக்ஸ்காரர், இன்னும் என்னைப்போல் கையெழுத்துப் போட்டவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடி அந்த வட்டாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். கோர்ட்டில் அனுமதி வாங்கிப் பழைய வழக்குக் கட்டுகளைப் பிரித்து, அதில் இருக்கும் பெயர்களை ஊருக்குள் வந்து தேடுவதுதான் அவர் வேலை. பாதிப் பேர் வீடு மாறிப் போயிருப்பார்கள். நடுநடுவே என் கடையில் தண்ணீர் குடிக்க நிற்பார். கேள்வி கேட்கிற நாளில் மட்டும் டீ வாங்கிக்கொடுத்தால் தொட மாட்டார். உங்கள் டீயைக் குடித்துக்கொண்டே உங்களைக் கேள்வி கேட்டால் சரியாக வராது, முடித்துவிட்டுக் குடிக்கிறேன் என்பார். முடித்த பிறகு இரண்டு டீ குடிப்பார், சர்க்கரை தூக்கலாக.

அவருடைய நோட்டில் வலது பக்கம் பார்த்தது, இடது பக்கம் கேட்டது. யூகம் என்றால் பென்சிலில், ஓரமாக. நோட்டில் மட்டும் என்றில்லை, வாயிலும் அப்படித்தான். சிறுசேரியில் பயங்கர மழையாமே என்று ஒரு நாள் கேட்டேன். பெய்ததாக போனில் ஒருவர் சொன்னார் என்றார். எலெக்ட்ரிக் ட்ரெயின் எல்லாம் லேட்டா என்று கேட்டால், நான் வந்த வண்டி பத்து நிமிஷம் லேட், மற்றது தெரியாது என்பார். சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் அவரோடு ஊர்க்கதை பேச முடியாது. வேண்டுமென்றே, மேடம் இன்றைக்குப் புதன்கிழமைதானே, நீங்கள் பார்த்தீர்களா என்று சீண்டுவேன். காலண்டரைப் பார்த்தேன் சார் என்று சீரியஸாகப் பதில் சொல்வார்.

செவ்வாய் எங்கள் கடைக்கு விடுமுறை. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைக்காக முப்பது மீட்டர் டேப் ஒன்று இரவல் கேட்டார். அனகாபுத்தூரில் ஒரு இடத்தை அளக்க வேண்டுமாம். டேப்பின் இன்னொரு முனையை யார் பிடிப்பார்கள் என்று கேட்டேன். கல்லை வைத்துக்கொள்வேன் என்றார். மனசு கேட்கவில்லை, கூடப் போனேன். நகை பறித்த ஒரு பழைய வழக்கு. நகையைப் பறிகொடுத்தவர், பறித்தவனின் முகத்தைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார், கோர்ட்டும் தண்டனை கொடுத்துவிட்டது. போலீஸ் வரைந்த சம்பவ இட வரைபடத்தில் அந்த விளக்குக் கம்பம் இருந்தது. அந்தக் கம்பத்தையும் சுவரையும் சந்து முனையையும் நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் அளந்தோம்.

முனையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமா அளக்குற? ரோட்டுல வூடு கட்டப் போறியா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் கையை உதறினார். "இந்தக் கம்பம் வெள்ளம் வந்து போனப்புறம் நட்டது. நான் பாத்துகினு இருந்தேன். அதுக்கு முன்னாடி இங்க ஏது வெளக்கு?"

வழக்கு வெள்ளத்துக்கு முந்தையது. எனக்குக் கை கால் பரபரத்தது. கம்பத்தைச் சுற்றி வந்து பார்த்தேன். கிளாம்ப்பெல்லாம் புது மாடல், என் கடையிலேயே அப்போது அது கிடையாது. மேடம், எழுதிக்கொள்ளுங்கள், இல்லாத விளக்கில் முகம் பார்த்திருக்கிறார்கள் என்றேன். அவர் மீன்கார அம்மா சொன்னதை இடது பக்கம் எழுதினார். நான் சொன்னதைப் பென்சிலில் எழுதினார். எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்த ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கம்பத்தின் கதையைச் சொல்லித் தீர்த்தேன்.

அவர் பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் மின்வாரிய ஆபீசுக்கும் மாநகராட்சி ஆபீசுக்கும் நடந்தார். அந்த ஆபீசர் இல்லை, இந்த லெட்ஜர் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள். ஒரே ஒரு விளக்குக் கம்பத்துக்காக. கடைசியில் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து சொன்னார்: பழைய கம்பம் ஒன்று இருந்திருக்கிறது, வெள்ளத்தில் சாய்ந்துவிட்டது, அதே இடத்தில் புதிதாக நட்டிருக்கிறார்கள். வரைபடம் சரி. விளக்கு எரிந்ததா என்பதற்குத்தான் பதிவு கிடைக்கவில்லை.

அப்படியானால் மீன்கார அம்மா புளுகினாரா என்று கேட்டேன்.

"இல்ல சார். திரும்பப் போய்க் கேட்டேன். வெள்ளத்துல அவங்க வீடு போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் அந்த முனையில கடை போட வந்திருக்காங்க. நின்ன இடத்துல இருந்து பார்த்ததைச் சொன்னாங்க."

நோட்டைத் திறந்து, என் பென்சில் வரியை எனக்கு எதிரிலேயே ரப்பரால் அழித்தார். அது போலீசுக்கு எதிராக அவருக்குக் கிடைத்த அருமையான வரி. அப்போதுதான் எனக்கு அவரைப் பார்த்து முதல் தடவையாகப் பயம் கலந்த ஒரு மரியாதை வந்தது. இவர் யார் பக்கமும் இல்லை, தன் பக்கமும் இல்லை என்று தோன்றியது.

இன்னொன்று. ஒரு நாள் கடைக்கு எதிரே பள்ளிக்கூட வேன் ஒன்று ஸ்கூட்டரில் இடித்து, அதை ஓட்டி வந்தவர் கீழே விழுந்துவிட்டார். பெரிய காயமில்லை. ஆனால் நிமிஷத்தில் முப்பது பேர் கூடி வேன் டிரைவரைக் கீழே இழுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு அடி. மேடம் அப்போது என் படியில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். விறுவிறுவென்று கூட்டத்துக்குள் போய் டிரைவருக்கு முன்னால் நின்றுகொண்டார். நீயும்தானே பார்த்தாய், சொல்லு என்று ஒருவன் அவரை ஏவினான். நான் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன் என்றார். பிறகு அவனையே கேட்டார்: "நீங்க எங்க நின்னீங்க?" அவன் டீக்கடைக்குள் என்றான். அடுத்தவன் ஜெராக்ஸ் கடையில் திரும்பி நின்றிருந்தானாம். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். முப்பது பேரில் ஒருவன்கூட இடித்ததைப் பார்க்கவில்லை. கூட்டம் தானாகக் கலைந்தது. நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குச் சம்மன் வந்தது.

அந்தச் சம்மன், அவர் காட்டிய ஏழில் இல்லாத ஒரு மகஜருக்காக, எட்டாவது. அவர் முடிந்த வழக்குகளை மட்டும்தான் எடுத்திருந்தார். இது நடந்துகொண்டிருக்கிற வழக்கு. ஒருவரை இரும்பு ராடால் தலையில் அடித்து வழிப்பறி. பிடிபட்டவன், ராடை ஏரிக்கரைப் புதரில் ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லி, காலை ஆறு மணிக்குப் போலீசைக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தான், அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நான், என்று மகஜர் சொல்கிறது. நடந்தது வேறு. பத்து மணிக்குக் கடை திறந்ததும் ரைட்டர் கூப்பிட்டார். போனேன். மேஜைமேல் ராடு இருந்தது. நீளம் எழுத வேண்டும், ஸ்கேல் இல்லை, உங்கள் டேப் இருக்கிறதா அண்ணா என்றார். அளந்தேன். இரண்டடி மூன்று அங்குலம். நீளத்தைச் சரியாகச் சொன்ன பெருமையில் கீழே கோடு இழுத்து, புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டேன்.

சம்மனோடு வந்த கான்ஸ்டபிள் தங்கமான மனிதர். காகிதத்தை வாசித்துக் காட்டி, "ஏரிக்கரைல நின்னேன், எடுத்துக் குடுத்தான், பாத்தேன். மூணே வார்த்தைதான் அண்ணா, பேஜாரே இல்ல" என்றார். மூன்றே வார்த்தைதான். முன்பென்றால் சொல்லியிருப்பேன். இப்போது ஏரிக்கரையில் நின்றேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம், கல்லாவுக்குப் பின்னால் என் காலடித் தரையை அவர் எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. சொன்னால் முன்பின் தெரியாத ஒருவன் என் வாயால் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் தினமும் முகத்தில் முழிக்கிற ஸ்டேஷனைப் பகைத்துக்கொள்ள வேண்டும். பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு என்மேலேயே வழக்கு வருமோ என்றும் ஒரு பயம். சோறு இறங்கவில்லை.

அவருக்குப் போன் செய்தேன். மறுநாள் வந்தார். ஆனால் படி ஏறவில்லை. நடக்கிற வழக்கைப் பற்றியென்றால் நோட்டையும் திறக்க மாட்டேன், உள்ளேயும் வர மாட்டேன் என்றார். வெயிலில் நின்றுகொண்டே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, பயமாக இருந்தால் அங்கே ஒரு வக்கீலைப் பாருங்கள் என்றார். அதெல்லாம் இருக்கட்டும், நான் என்ன சொல்ல வேண்டும், அதை நீங்கள் சொல்லுங்கள் என்றேன்.

"நான் சொல்லிக் குடுத்தா அது என் சாட்சியம் ஆயிடும் சார். உங்களுது ஆகாது."

எனக்கு வந்ததே கோபம். "ஏழு பேப்பரைக் காட்டி என் நிம்மதியைக் கெடுத்தது நீங்க. இப்ப படியில நின்னுகினு ஒதுங்கிக்கிறீங்களா?"

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு, "நீங்க சொல்றது சரிதான் சார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார்.

கோபம் இறங்கிய பிறகு, உள்ளே அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவன் உண்மையிலேயே அடித்திருந்தால்? என்னால் தப்பித்துவிட்டால்? அடித்திருக்கலாம், தெரியாது என்றார். நீங்களும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோர்ட்டுக்கு வர மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

கோர்ட்டில் அந்தப் பிடிபட்டவனைப் பார்த்தேன். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை என்று சொன்னார்கள், நகத்தில் வெள்ளைக் கறை இருந்தது. காகிதப்படி நாங்கள் இரண்டு பேரும் ஒரு காலை வேளையில் ஏரிக்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். நேரில் பார்த்துக்கொள்வது அன்றைக்குத்தான் முதல் தடவை. அவன் என்னையே பார்த்தான். யார் இந்த ஆள் என்று யோசிக்கிற பார்வை.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். அரசு வழக்கறிஞர் பெயர், தொழில் எல்லாம் கேட்டுவிட்டு (கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள்), "எதிரி அந்த ராடை எடுத்துக் கொடுத்தபோது நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்?" என்று கேட்டார்.

மேடம் கேட்பது போலவே இருந்தது. நாக்கில் ஏரிக்கரை தயாராக இருந்தது.

"கடையில நின்னேன் ஐயா" என்றேன். "ரைட்டர் கூப்பிட்டாரு. ஸ்டேஷன்ல மேஜை மேல ராடு இருந்துச்சு. என் டேப்பால அளந்தேன், ரெண்டடி மூணு அங்குலம். அதை நான் பார்த்தேன். ஏரிக்கரையப் பார்க்கல. கையெழுத்து என்னுது."

நீதிபதி நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டைப்பிஸ்ட்டிடம் சொல்ல ஆரம்பித்தார். என்னைப் பிறழ் சாட்சி, அதாவது கூப்பிட்ட பக்கத்துக்கே மாறிப் பேசுகிற சாட்சி, என்று அறிவித்தார்கள். அரசு வழக்கறிஞர், நான் எதிரியோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறேன் என்றார். சரியல்ல என்றேன். எதிரிக்குப் பயந்து மாற்றிச் சொல்கிறேன் என்றார். சரியல்ல என்றேன். முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிற எனக்குப் பிறழ் என்று ஒரு பட்டம். ஆனால் கூண்டிலிருந்து இறங்கும்போது மனசில் பயம் இல்லை.

வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். ஆராய்ச்சிக்குத் தேவையில்லாத ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அன்றுதான்.

அடுத்த வாரம் பைப் லாரி வந்து நின்ற ஐந்தாவது நிமிஷம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். இப்போது பின் சந்தில் நிறுத்தி, தோளில் சுமந்து வருகிறோம். ரைட்டர் மாற்றலாகிப் போகிறவரைக்கும் என்னோடு பேசவில்லை. புதிதாக வந்தவர் விவரம் தெரியாமல் ஒரு கையெழுத்துக்குக் கூப்பிட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எந்த இடம் சார், வாருங்கள் போய்ப் பார்க்கலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தேன். அவர் ஜெராக்ஸ்காரரிடம் போய்விட்டார். பெயின்ட்காரனுக்கு விடுதலை என்று சொன்னார்கள். எதனால் என்று எனக்குத் தெரியாது. அடி வாங்கியவர் தலையில் தையல் போட்டிருந்ததாகவும் சொன்னார்கள். இரண்டையும் இடது பக்கத்தில்தான் எழுத வேண்டும். சில நாட்களில் அந்தத் தையலை நினைத்துக்கொள்வேன்.

புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்த வருஷம் அவர் கடைசியாக வந்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றார். பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைத் தமிழில் வாசித்துக் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார், அதற்காக வந்திருந்தார். இனிமேல் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டுமாமே, உங்கள் கேள்விக்கு வேலை போய்விட்டதே மேடம் என்று சீண்டினேன். வீடியோ எடுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும் சார் என்றார்.

ஆராய்ச்சிப் புத்தகத்தைத் திறந்து, இருபத்து மூன்றாம் எண்காரர் சொன்னதையெல்லாம் வாசித்தார். ஏழு மகஜர், கல்லாவுக்குப் பின்னால் இருந்த தரை, பைப் லாரி, நாங்கள் ஸ்டேஷனுக்கு எதிரே வரவில்லை என்பதுகூட இருந்தது. பொய்யர் என்று எங்கும் எழுதவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். எட்டாவது வரவில்லை. புத்தகத்தை மூடப் போனார்.

"கோர்ட்ல நான் சொன்னது?" என்று கேட்டேன்.

பக்கத்தைப் புரட்டி, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு குறிப்பைக் காட்டி, தமிழில் சொன்னார்: ஒரு வழக்கில், சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன் ஆராய்ச்சியாளரிடம் பேசினார். அந்த நேரத்தில் ஆராய்ச்சியாளர் சாட்சிக்கு மிக அருகில் நின்றிருந்தார். ஆகவே அந்த வழக்கு இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

எனக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. மறைக்க முடியவில்லை. நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான் மேடம், அதைப் போய் விட்டுவிட்டீர்களே என்றேன்.

"சேர்த்திருந்தா என் ஆராய்ச்சிக்கு அதுதான் சார் நல்ல முடிவு" என்றார். "ஆனா அது நீங்க சொன்னதா, நான் சொல்ல வச்சதான்னு எனக்கே தெரியாம போயிடும். வெளிய விட்டுட்டேன். இப்ப அது முழுக்க உங்களுது."

டீ வரவழைத்தேன். கேள்வி எதுவும் பாக்கி இல்லாததால் உடனே குடித்தார், இரண்டு டீ. பையை மாட்டிக்கொண்டு வருகிறேன் சார் என்றார். ரோட்டைத் தாண்டினார், தாம்பரம் பஸ் வந்தது, ஏறினார், ஜன்னலோரமாக உட்கார்ந்து ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இது கேள்விப்பட்டதில்லை, யூகமும் இல்லை. கண் கொஞ்சம் கலங்கியிருந்தது, மற்றபடி தெளிவாகப் பார்த்தேன். நான் கல்லாவுக்குப் பின்னால், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.